சைக்கிள் குரூப்ல சேர்ந்தா பிரெஞ்சு வந்துடுமா? எது வரும், எது வராதுன்னு சொல்றேன்

கேள்விய நான் எப்படிப் புரிஞ்சுக்கிட்டேன்னு முதல்ல சொல்லிடறேன். நீங்க கோயம்புத்தூர்ல இருக்கீங்க, பிரெஞ்சு ஏ2 (ஏ1-ல இருந்து சி2 வரைக்கும் போற ஆறு படியில ரெண்டாவது) முடிச்சு ஒரு வருஷம் ஆச்சு, அதுக்கப்புறம் வகுப்புக்குப் போக நேரம் கிடைக்கல, இருந்ததும் மறந்துகிட்டே வருது. ஞாயித்துக்கிழமை சைக்கிள் மட்டும் விடாம ஓட்டுறீங்க, 200, 300 கிலோமீட்டர் பிரெவே, அதாவது நேரக் கெடு வெச்சு ஓட்டுற நீண்ட தூர ரைடு முடிச்சிருக்கீங்க, பிரான்ஸ்ல நடக்கிற 2027 பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் ரைடு மேல ஒரு கண்ணு இருக்கு. அதனால பிரெஞ்சுக்காரங்க இருக்கிற சைக்கிள் குரூப்ல சேர்ந்து, அவங்க வீடியோ எல்லாம் பார்த்தா மொழி வந்துடுமான்னு கேட்டிருக்கீங்க. இதுக்குள்ள ரெண்டு கேள்வி இருக்கு. ஏ2-ல இருந்து அடுத்த படியான பி1-க்கு வகுப்பு இல்லாம சைக்கிளை வெச்சே ஏற முடியுமாங்கிறது ஒண்ணு. அங்க ரோட்டுல போய் நிக்கும்போது வாய் திறக்குமாங்கிறது இன்னொண்ணு. முதல் கேள்விக்கு பெரும்பாலும் முடியும், ரெண்டாவதுக்கு அது மட்டும் பத்தாது.

நான் பாண்டிச்சேரில 17 வருஷமா பிரெஞ்சு சொல்லிக் கொடுக்குறேன், நடுவுல ரெண்டு வருஷம் கிரெனோபிள்ல இருந்தேன், அங்கதான் சைக்கிள் பைத்தியம் பிடிச்சுது. பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் நான் ஓட்டினதில்ல, 300-க்கு மேல போனதே இல்ல, அதனால அந்த ரைடு பத்தி நான் சொல்றதெல்லாம் என்கிட்ட படிச்சு 2019-லயும் 2023-லயும் போயிட்டு வந்தவங்க சொன்னது. மொழி விஷயம் மட்டும் என் சொந்த அனுபவம்.

சைக்கிள் ஏன் உதவும்னா, உங்களுக்கு விஷயம் ஏற்கனவே தெரியும், வார்த்தை மட்டும்தான் புதுசு. சாதாரணமா ஏ2 முடிச்சவங்க பிரெஞ்சு செய்தித்தாள் எடுத்தா முதல் பத்தியிலயே மூச்சு முட்டும், ஏன்னா அந்த நாட்டு அரசியலும் தெரியாது, அந்த வார்த்தையும் தெரியாது, ரெண்டு இருட்டு ஒரே நேரத்துல. அதுவே ஒருத்தர் பின் சக்கரம் பஞ்சரான கதைய எழுதியிருந்தா, டயரைக் கழட்டினான், ட்யூப மாத்தினான், பம்ப் அடிச்சான்னு அடுத்து என்ன வரும்னு உங்களுக்கே தெரியும். பத்துல நாலு வார்த்தை புரியலைன்னாலும் அர்த்தம் நழுவாது, அந்த நாலு வார்த்தையும் அகராதி இல்லாமலே மெல்ல ஒட்டிக்கும். இதை நான் வகுப்புல திரும்பத் திரும்பப் பார்த்திருக்கேன், சமையல் பிடிச்சவங்களுக்கு சமையல் குறிப்பு, கிரிக்கெட் மாதிரி விளையாட்டு பிடிச்சவங்களுக்கு விளையாட்டுப் பக்கம், எல்லாருக்கும் அவங்கவங்க தெரிஞ்ச இடத்துலதான் மொழி முதல்ல வேர் பிடிக்குது.

உங்களுக்கு இன்னொரு வசதி, சைக்கிள் வார்த்தையில பாதி ஏற்கனவே பிரெஞ்சு. பிரெவே, ராண்டனர், பெலொத்தோன் (ஒண்ணா சேர்ந்து ஓட்டுற கூட்டம்), தெராய்யர், இதெல்லாம் நீங்க தினமும் சொல்றீங்க. பிரெவேன்னா வெறும் ஒரு சான்றிதழ், பத்தாம் வகுப்பு மாதிரி பிரான்ஸ்ல ஒரு பள்ளித் தேர்வுக்கும் அதே பேர்தான். ராண்டனர்ங்கிறது நீண்ட தூரம் நடந்தோ சைக்கிள்லயோ ஊர் சுத்துறவர், நடந்து மலை ஏறுறவரையும் அங்க அதே பேர்லதான் கூப்பிடுவாங்க. தெராய்யர் வந்த வினைச்சொல்லுக்கு தண்டவாளத்துல இருந்து தடம் புரள்றதுன்னு அர்த்தம், சங்கிலிய ஒரு பல்சக்கரத்துல இருந்து தடம் புரள வெக்கிற கருவிங்கிறதாலதான் அந்தப் பேர், ஒருத்தர் சம்பந்தமில்லாம உளறினாலும் அதே வினைச்சொல்லைச் சொல்வாங்க. இப்படி நீங்க ஏற்கனவே வெச்சிருக்கிற வார்த்தை ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு குடும்பமே இருக்கு, அதைத் தேடிப் போங்க.

எனக்குப் பிடிச்ச ஒரு ஜோடிய சொல்றேன், வகுப்புல ஒரு மணி நேரம் விளக்குற இலக்கணத்தை இது ஒரே நிமிஷத்துல புரிய வெச்சுடும். "ஜே கிரெவே"ன்னா எனக்கு பஞ்சராயிடுச்சு. "ஜெ சுவி கிரெவே"ன்னா நான் ஒடிஞ்சு போயிட்டேன், உடம்புல தெம்பே இல்ல. வினை ஒண்ணுதான், கூட வர்ற துணைவினை மட்டும் மாறுது, முதல்ல அவ்வார், ரெண்டாவதுல எத்ர். கன்ட்ரோல்ல, அதாவது ரைடு நடுவுல முத்திரை போடுற இடத்துல போய் மாத்திச் சொன்னீங்கன்னா உங்களுக்கு ட்யூப் கொண்டு வந்து தரவேண்டியவர் படுக்கை காட்டுவார். மலை ஏறுறதும் அப்படித்தான், சும்மா மேல போனேன்னா எத்ர், இன்ன மலைய ஏறினேன்னு மலையோட பேரைச் சேர்த்தா அவ்வார். புத்தகத்துல பட்டியலா மனப்பாடம் பண்ணும்போது இது நிக்காது, நூறு பேர் நூறு மலை ஏறின கதைய படிச்சா நின்னுடும்.

அதனால நீங்க படிக்கிறதுக்கு நான் முதல்ல கை காட்டுறது ரைடு கதைகளை. பிரெஞ்சு சைக்கிள்காரங்க கூடுற எந்த இடத்துலயும் இது இருக்கும், பேரு கோந்த் ரான்த்யூ, சுருக்கமா சே எர்னு ரெண்டு எழுத்துல போடுவாங்க. காலையில கிளம்பினது, குளிர், எதிர்காத்து, ஒரு ஊர்ல காபி, பஞ்சர், வழி தவறினது, வீடு வந்தது, எல்லார் கதையும் இவ்வளவுதான், ஆனா பி1-க்கு வேண்டிய இறந்தகால இலக்கணம் முழுசும் இதுக்குள்ள இருக்கு. வானிலை, ரோடு, மனநிலை எல்லாம் ஏன்பார்ஃபேல, அதாவது நடந்துகிட்டு இருந்ததைச் சொல்ற இறந்தகாலத்துல வரும், நடந்த சம்பவம் பாஸே கொம்போஸேல, அதாவது நடந்து முடிஞ்சதைச் சொல்ற இறந்தகாலத்துல வரும். மழை பெஞ்சுகிட்டு இருந்துச்சு, நான் இறங்கிகிட்டு இருந்தேன், அப்போ டயர் வெடிச்சுது. தமிழ்லயும் நமக்கு இந்த வித்தியாசம் இருக்கு பாருங்க, பெஞ்சுகிட்டு இருந்துச்சு, வெடிச்சுது. அதைப் பிடிச்சுகிட்டீங்கன்னா பாதி வேலை முடிஞ்சுது.

நேரடி ஒளிபரப்பு வேற மாதிரி உதவும். ஜூலை மாசம் டூர் த ஃபிரான்ஸ் சைக்கிள் பந்தயம் நடக்கும், மூணு வாரம், 21 கட்டம், தினமும் நாலஞ்சு மணி நேரம் ரெண்டு மூணு பேர் விடாம பேசிகிட்டே இருக்காங்க, ஒரு மொழி படிக்கிறவருக்கு இது பெரிய சொத்து. பிரான்ஸ் அரசு டிவியோட தளம் இந்தியாவுல இருந்து பெரும்பாலும் திறக்காது, உரிமைப் பிரச்சனை. ஆனா டூர் நடத்துறவங்களோட தளத்துல பிரெஞ்சு பக்கம் இருக்கு, லெக்கீப் பத்திரிகை தளத்துல நிமிஷத்துக்கு நிமிஷம் எழுத்துல போடுவாங்க, அதை எங்க இருந்தும் படிக்கலாம். லெக்கீப் 1946-ல வந்தது, அதுக்கு முன்னாடி இருந்த லோத்தோங்கிற பத்திரிகைதான் 1903-ல தன் விற்பனைய கூட்டறதுக்காக டூரையே ஆரம்பிச்சுது, அந்தப் பத்திரிகை மஞ்சத் தாள்ல அச்சாகும், 1919-ல முதலாவதா வர்றவருக்கு மஞ்சள் சட்டை வந்தது அதனாலதான். பத்திரிகைக்காகப் பிறந்த பந்தயம்ங்கிறதாலயோ என்னவோ, அதைச் சுத்தி எழுத்து கொட்டிக் கிடக்கு. கேக்கறதுக்கு ஆர்எம்சி வானொலியோட க்ராங் ப்ளாத்தோ பாட்காஸ்ட் இருக்கு, ஆனா அது வேகம், அரட்டை, ஒருத்தர் பேசும்போதே இன்னொருத்தர் குறுக்க வருவார், பி1 தாண்டினப்புறம் போங்க. இப்போதைக்கு ஆர்எஃப்ஐங்கிற பிரெஞ்சு சர்வதேச வானொலியோட எளிய பிரெஞ்சு செய்தி தினமும் பத்து நிமிஷம் கேளுங்க, அதுல சைக்கிள் இல்லைன்னாலும் பரவாயில்ல.

வர்ணனையில என்னென்ன கிடைக்கும்னு பார்த்தா, ஒண்ணு எண்கள். பிரெஞ்சுல 70-ல இருந்து 99 வரைக்கும் எல்லாருக்கும் தொல்லை, 97-ன்னா நாலு இருபது பத்து ஏழுன்னு சொல்லணும், காத்ர் வேன் தீ செத். வகுப்புல எழுதிக் காட்டினா எல்லாரும் சரியாச் சொல்வாங்க, காதுல விழுந்தா திணறுவாங்க. சைக்கிள் வர்ணனையில இத்தனை கிலோமீட்டர் பாக்கி, இத்தனை நிமிஷம் இத்தனை வினாடி இடைவெளின்னு நாள் பூரா எண்தான், திரையிலயும் அதே எண் தெரியும், காதையும் கண்ணையும் ஒத்துப் பார்த்துக்கலாம். பெல்ஜியத்து அரசு ஒளிபரப்பைக் கேட்டீங்கன்னா அங்க 97-ஐ நொனான்த் செத்னு நேராச் சொல்வாங்க, 70 செப்தான்த், சுவிட்சர்லாந்துலயும் இப்படித்தான். கேக்க சுலபமா இருக்கும், ஆனா பிரான்ஸுக்குப் போறவர் நாலு இருபது கணக்கைத்தான் பழகணும்.

இன்னொண்ணு, தன்வினை மாதிரி வர்ற செ போட்ட வினைச்சொற்கள். ஒருத்தர் திரும்பிப் பார்த்தார், எழுந்து நின்னு மிதிச்சார், அடுத்தவர் சக்கரத்துக்குப் பின்னாடி போய் ஒட்டிக்கிட்டார், எல்லாமே செ போட்டுத்தான். அதோட செ ஃபேர்னு ஆரம்பிக்கிற அமைப்பு ஒண்ணு இருக்கு, செ ஃபேர் லாஷேன்னா கூட்டத்துல இருந்து கழட்டி விடப்படுறது, செ ஃபேர் தூப்லேன்னா முந்தப்படுறது. தமிழ்ல படு போட்டு எழுதுறது புத்தகத்துக்குத்தான், பேச்சுல நாம சொல்றதே இல்ல, அதனால நம்ம பசங்களுக்கு இந்த அமைப்பு வாயில வரவே வராது. ஒரு டூர் முழுக்க படிச்சா முந்நூறு தடவையாவது கண்ணுல படும். எழுந்து நின்னு மிதிக்கிறதுக்கு ஆன் தான்சூஸ்னு பேரு, நாட்டியக்காரி மாதிரின்னு அர்த்தம், இடமும் வலமும் உடம்பு ஆடுறதைப் பார்த்து வெச்சிருக்காங்க. இதை ஒருமுறை கேட்டவங்க மறந்து நான் பார்த்ததில்ல.

உதிரி பாகங்களோட பேரை பட்டியல் போட்டுப் படிக்காதீங்க, கதையோட படிங்க. ஃபூர்ஷ், அதாவது முன் ஃபோர்க், இந்த வார்த்தை எனக்கு ஏன் மறக்காதுன்னா 1913 டூர்ல யூஜேன் கிறிஸ்தோஃப்னு ஒருத்தர் தூர்மாலே மலையில இருந்து இறங்கும்போது அது உடைஞ்சு போச்சு, சைக்கிளைத் தூக்கிட்டு பத்து கிலோமீட்டருக்கு மேல நடந்து சான்த் மரி த காம்பான் ஊர்ல இருந்த கொல்லன் பட்டறைக்குப் போய் அவரே உலையில வெச்சு அடிச்சு ஒட்டினார், யாரும் உதவக்கூடாதுன்னு விதி, பட்டறையில ஒரு பையன் துருத்தி ஊதினான்னு அதுக்கும் அபராதம் போட்டாங்க. பட்டறைக்குப் பேரு ஃபோர்ஜ், சாப்பாட்டு மேஜையில வெக்கிற முள்கரண்டிக்கு ஃபூர்ஷெத், குட்டி ஃபூர்ஷ்னு அர்த்தம். அதே மனுஷன்தான் 1919-ல முதல் மஞ்சள் சட்டை போட்டவர், அந்த வருஷமும் அவருக்கு ஃபூர்ஷ் உடைஞ்சுது. இந்தக் கதைய பிரெஞ்சுல தேடிப் படிங்க, எளிய நடையில எத்தனையோ பேர் எழுதியிருக்காங்க, மூணு நாலு பேர் எழுதினதை வரிசையா படிச்சா அதே வார்த்தைகள் திரும்பத் திரும்ப வரும், அதுதான் பயிற்சி.

ரிப்பேர் பக்கம் போனா வேற ஒரு உலகம். பிரான்ஸ்ல ஊருக்கு ஊர் சங்கமா நடத்துற பட்டறை இருக்கு, கருவி அவங்க கொடுப்பாங்க, தெரிஞ்சவர் பக்கத்துல நிப்பார், உங்க சைக்கிளை நீங்களே சரி பண்ணிக்கணும். கிரெனோபிள்ல நான் போனதுக்குப் பேரு அன் ப்தி வெலோ தான் லா தெத், தலைக்குள்ள ஒரு குட்டி சைக்கிள்னு நேர் அர்த்தம், ஒரே நினைப்பு மண்டைக்குள்ள சுத்திகிட்டே இருக்கிறதுக்கு பிரெஞ்சுல அப்படிச் சொல்வாங்க. என் பிரெஞ்சு அங்க ஒரு குளிர்காலத்துல தேறின அளவுக்கு பல்கலைக்கழகத்துல தேறலன்னு நெஞ்சைத் தொட்டுச் சொல்வேன். கையில ஸ்பானர் இருக்கும்போது யாரும் அழகான வாக்கியத்துக்குக் காத்திருக்க மாட்டாங்க, இதைப் பிடி, கொஞ்சம் தளர்த்து, இல்ல இல்ல அந்தப் பக்கம், அவ்வளவுதான், கட்டளை வாக்கியம் முழுக்க அங்கதான் கத்துக்கிட்டேன். நீங்க அங்க இல்ல, ஆனா இந்தப் பட்டறைகளோட கூட்டமைப்பு லெரெ சிக்லாஜ்னு ஒண்ணு, மறுசுழற்சிங்கிற வார்த்தை மாதிரியே காதுல விழற பேரு, அவங்க விக்லூன்னு ஒரு பொது விக்கி வெச்சிருக்காங்க, ரிப்பேர் விளக்கமெல்லாம் அதுல இருக்கு. கையில சைக்கிளை வெச்சுகிட்டு ஒரு பக்கத்தைத் திறந்து அதுல சொன்ன மாதிரி பிரேக்கை சரி பண்ணிப் பாருங்க, பிரேக் சரியாச்சுன்னா நீங்க சரியாப் புரிஞ்சுகிட்டீங்க, இதை விட நேர்மையான பரீட்சை எனக்குத் தெரியல. டெகாத்லான் சைக்கிள் வெச்சிருந்தா இன்னும் சுலபம், அது பிரெஞ்சுக் கம்பெனி, அவங்க பிரான்ஸ் தளத்துல உங்க மாடலோட பக்கத்துக்குப் போனா வாங்கினவங்க எழுதின அபிப்ராயம் வரிசையா இருக்கும். ரெண்டு வரி, மூணு வரிதான், பிடிச்சுது, பிடிக்கல, சீட் வலிக்குது, கியர் சத்தம் போடுது. ஏ2-க்கு அளவெடுத்து தெச்ச மாதிரி இருக்கும்.

இப்போ ஆட்களோட பேசுற விஷயம். பழைய தளங்கள் பலதும் தூங்கிகிட்டு இருக்கு, கூட்டம் ஃபேஸ்புக் குரூப்புக்கும் டிஸ்கார்டுக்கும் ஸ்ட்ராவா கிளப்புக்கும் போயிடுச்சு. எங்க போனாலும் முதல் நாள் செய்ய வேண்டியது ஒண்ணுதான், போன்ஜூர்னு ஆரம்பிங்க. கேள்விய மட்டும் நேரா போட்டீங்கன்னா பதில் வராது, வந்தா முதல்ல வணக்கம் சொல்லுன்னு வரும், அங்க கடைக்குப் போனாலும் அப்படித்தான், அவங்க வளர்ப்பு அது. புதுசா வந்தவங்க தங்களை அறிமுகப்படுத்திக்கிற பகுதி இருந்தா அதுல நாலு வரி எழுதுங்க, எந்த ஊர், என்ன சைக்கிள், ஏன் பிரெஞ்சு, 2027 ஆசை. இந்தியாவுல இருந்து பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸுக்கு வர்றேன்னு சொன்னா பெரிய மரியாதை கிடைக்கும், ஏன்னா நம்ம ஊர்க்காரங்க நூத்துக்கணக்குல போய் ஓட்டினதை அவங்க பார்த்திருக்காங்க. கடைசியில தப்பு இருந்தா திருத்துங்கன்னு ஒரு வரி சேருங்க, இது ரொம்ப முக்கியம், கேக்காம யாரும் திருத்த மாட்டாங்க, தப்பாவே எழுதிகிட்டு இருப்பீங்க, புரிஞ்சுதுன்னு விட்டுடுவாங்க. சைக்கிள்காரங்களுக்குள்ள எல்லாரும் த்யூ, அதாவது நீ தான், வயசு வித்தியாசம் பார்க்க மாட்டாங்க, நமக்கு அறுபது வயசுக்காரரை நீன்னு சொல்ல மனசு வராது, ஆனா அங்க வூ, அதாவது நீங்க போட்டா தள்ளி நிக்கிற மாதிரி ஆயிடும். ரைடு நடத்துற சங்கத்துக்கு மெயில் போட்டா மட்டும் வூ, கடைசியில ஸ்போர்த்தீவ்மான்னு கையெழுத்துக்கு மேல போடுவாங்க, விளையாட்டு வட்டாரத்துல இருக்கிற வழக்கம்.

எச்சரிக்கையா ரெண்டு சொல்லணும். பிரெஞ்சுக்காரங்களே அவசரத்துல எழுதும்போது நிறைய எழுத்துப் பிழை விடுவாங்க, காதுல ஒரே மாதிரி விழுற முடிவுகளை மாத்தி மாத்தி எழுதுவாங்க, செஞ்சேன்னு எழுத வேண்டிய இடத்துல செய்யன்னு வரும். அதைப் பார்த்து நீங்க பழகிடக்கூடாது, எழுத்து விஷயத்துக்கு லெக்கீப் மாதிரி திருத்தி வர்ற பக்கம்தான் உங்க அளவுகோல். அந்தத் தப்பு உங்க கண்ணுக்கு உறுத்த ஆரம்பிக்கிற நாள்ல நீங்க பி1 பக்கத்துல வந்துட்டீங்கன்னு நான் மாணவர்கள்கிட்ட சொல்றது வழக்கம். அடுத்தது கொச்சை. ஒருத்தர் பின்னாடியே ஒட்டிக்கிட்டு காத்து மறைவுல வந்துட்டு முன்னாடி போய் இழுக்காதவருக்கு ஒரு பேர் இருக்கு, நீங்களும் சீக்கிரம் கத்துப்பீங்க, ஆனா முகம் தெரியாதவர்கிட்ட அதைச் சொன்னா சண்டை வந்துடும், பரீட்சையில எழுதினா மார்க் போயிடும். படிக்கிறதுக்கு எல்லா வார்த்தையும் எடுத்துக்கோங்க, எழுதுறதுக்கு பாதிய மட்டும் எடுத்துக்கோங்க.

பி2 போற எண்ணம் இருந்தா வேலைக்கு சைக்கிள்ல போறவங்க வட்டாரத்தைத் தேடுங்க, வெலோதாஃப்னு சொல்வாங்க, வெலோவோட வேலைக்கான பேச்சு வார்த்தை தாஃப் சேர்ந்தது. அங்க வாதம்தான் சாப்பாடு. ஹெல்மெட் எல்லாருக்கும் கட்டாயமாக்கணுமா வேண்டாமா, பிரான்ஸ்ல 2017-ல இருந்து 12 வயசுக்குக் கீழ மட்டும்தான் கட்டாயம், இதை வெச்சு வருஷக்கணக்கா எழுதிகிட்டு இருக்காங்க. ஒத்துக்கிட்டு மறுக்கிறது, மறுபக்கம்னு திருப்புறது, அதனாலன்னு முடிக்கிறது, இந்த இணைப்புச் சொற்கள்தான் பி2 எழுத்துத் தேர்வுக்கு உயிர். அதுல 250 வார்த்தையில ஒரு நிலைப்பாட்டை வாதாடி எழுதணும், நகராட்சிக்குக் கடிதம் மாதிரி கேள்விகள் வர்றதுண்டு, சைக்கிள் பாதை கேட்டு மேயருக்கு சங்கங்கள் எழுதின உண்மையான கடிதங்கள் அந்தந்த சங்கத் தளத்துலயே கிடைக்குது.

சைக்கிள்லயே நின்னுட்டா மொழி குறுகிடாதான்னு நீங்க கேக்கலாம், நியாயமான பயம். ஓரளவு குறுகும், வீட்டு வாடகை ஒப்பந்தமோ டாக்டர்கிட்ட பேசறதோ இதுல வராது, அதுக்கு வேற படிக்கணும். ஆனா பிரெஞ்சுல சைக்கிள் வார்த்தைகள் ரோட்டை விட்டு எங்கெங்கேயோ போயிருக்கு. வேலையில மூழ்கி சுத்தி நடக்கிறதே தெரியாம இருக்கிறவரை லா தெத் தான் லெ கிதோன்னு சொல்வாங்க, தலை ஹேண்டில்பார்ல புதைஞ்சு கிடக்குன்னு. நிதானம் இழந்தா பெடலை இழந்துட்டான், பெர்த்ர் லெ பெதால். அரசாங்கம் வேகத்தைக் கூட்டணும்னு சொல்றதுக்கு கியர் மாத்துறது, ஷான்ஜே த பிராக்கே, இதை அமைச்சர்களே பேசுவாங்க. எவ்வளவு முயற்சி பண்ணியும் ஒண்ணும் நகரலைன்னா ரவைக்குள்ள பெடல் மிதிக்கிறது, பெதாலே தான் லா செமூல். உப்புமா கிண்டுற நமக்கு அந்தப் படம் உடனே கண்ணுல வந்துடும். அதனால வாசல் சைக்கிளா இருந்தாலும் உள்ள வீடு பெருசு.

உச்சரிப்பு மட்டும் படிச்சு வராது. தமிழ் பேசுறவங்களுக்குன்னு ரெண்டு சிக்கல் இருக்கு. சக்கரத்துக்கு ரூ, தெருவுக்கு ர்யூ, ரெண்டாவதுக்கு உதட்டை ஊன்னு குவிச்சுகிட்டு நாக்கால ஈ சொல்லணும், அந்த ஒலி நம்மகிட்ட இல்ல, நம்ம ஆளுங்க ரெண்டையும் ஒண்ணாவே சொல்வாங்க, என் சக்கரத்துல பிரச்சனைன்னு சொல்ல வந்து என் தெருவுல பிரச்சனைன்னு முடியும். ரெண்டாவது சிக்கல் நம்ம எழுத்து. ப ஒண்ணுதான், பாலத்துக்கும் நல்லதுக்கும் பிரெஞ்சுல முதல் ஒலி மட்டும்தான் வேற, தமிழ்ல எழுதினா ரெண்டும் போன்தான். நான் இங்க வசதிக்காக எல்லாத்தையும் தமிழ் எழுத்துல போட்டிருக்கேன், நீங்க உங்க நோட்டுல தயவுசெஞ்சு அப்படி எழுதாதீங்க, பிரெஞ்சு எழுத்துல எழுதி ஒலிய காதால கேட்டு வெச்சுக்கோங்க. நோட்டு முழுக்க தமிழ்ல எழுதி வெச்சு, பின்னாடி திருத்தவே முடியாம கஷ்டப்பட்டவங்களை நிறைய பார்த்திருக்கேன்.

பேச்சுக்கு ஒரு மனுஷன் வேணும், இதுக்கு மாத்து வழி நான் பார்த்ததில்ல. ஒரு வருஷம் விடாம படிச்சு, எழுத்துல அழகா பதில் போட்ட மாணவர் ஒருத்தர் என்கிட்ட இருந்தார், முதல் தடவை ஃபோன்ல பேச வெச்சப்போ பத்து நிமிஷம் ஆமா, இல்ல ரெண்டுதான் வந்துச்சு. அவருக்கு மொழி இருந்துச்சு, வாய்க்கு வழி தெரியல. வாரத்துல அரை மணி நேரம் போதும், இங்கிலீஷோ தமிழோ கத்துக்க ஆசைப்படுற ஒரு பிரெஞ்சுக்காரரைப் பிடிங்க, சைக்கிள் ஓட்டுறவரா இருந்தா இன்னும் நல்லது, பாதி நேரம் நீங்க பேசுங்க, பாதி நேரம் அவர். அது கிடைக்கிற வரைக்கும் ரைடு போயிட்டு வந்து அன்னைக்கு நடந்ததை ஃபோன்ல ரெண்டு நிமிஷம் பிரெஞ்சுல பதிவு பண்ணுங்க, யாருக்கும் அனுப்ப வேண்டாம், அடுத்த வாரம் அதையே திரும்பச் சொல்லிப் பாருங்க.

எவ்வளவு நாள் ஆகும்னு கேட்டீங்கன்னா என் கணக்கு இது, கணக்குன்னுகூட சொல்லக்கூடாது, என் மாணவர்களைப் பார்த்த ஊகம். தினமும் அரை மணி நேரம் படிச்சு, வாரம் ஒரு தடவை எழுதி, வாரம் ஒரு தடவை பேசினா படிச்சுப் புரிஞ்சுக்கிறது ஆறேழு மாசத்துல பி1-க்கு வந்துடும், எழுத்துக்கு ஒரு வருஷம், பேச்சும் காதும் ஆளுக்கு ஆள் ரொம்ப மாறுது, அதுக்கு தேதி சொன்னா பொய்யாகும். ஒரு மாசம் படிச்சுட்டு ஒரு மாசம் விட்டா எதுவுமே நிக்காது, இதுல எனக்கு சந்தேகமே இல்ல.

பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் தேவைய தனியா வெச்சுக்கோங்க, அது சின்ன மூட்டைதான். 1200 கிலோமீட்டர், 90 மணி நேரம், 1891-ல பந்தயமா ஆரம்பிச்சது, இப்போ நாலு வருஷத்துக்கு ஒரு தடவை ஒதாக்ஸ் க்ளப் பாரிசியன் நடத்துறாங்க. போயிட்டு வந்தவங்க சொன்னது, மூணாவது ராத்திரி இங்கிலீஷே வாயில வராது, அதனால தூக்கத்துலயும் வர்ற அளவுக்கு ஒரு முப்பது வாக்கியம் வேணும். முத்திரை எங்க போடணும், தண்ணி எங்க, என்னை மூணு மணிக்கு எழுப்புங்க, முழங்கால் வலிக்குது, ஆரக்கம்பி உடைஞ்சுடுச்சு, பக்கத்துல சைக்கிள் கடை இருக்கா. நேரத்தை 24 மணிக் கணக்குல கேட்டுப் பழகுங்க, அங்க சாயந்திரம் ஆறுங்கிறது பதினெட்டு. வழி நெடுக ஊர்க்காரங்க வீட்டு வாசல்ல மேஜை போட்டு ராத்திரியிலயும் காபியும் கேக்கும் வெச்சுகிட்டு நிப்பாங்களாம், காசு வாங்க மாட்டாங்களாம், லா தனியேர்ங்கிற இடத்துல ஒரு குடும்பம் தோசை மாதிரி மெல்லிசா இருக்கிற கிரெப் சுட்டுக் கொடுத்துட்டு உங்க ஊர்ல இருந்து ஒரு போஸ்ட் கார்டு மட்டும் அனுப்புங்கன்னு கேப்பாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. அவங்க போன் கூராஜ்னு கத்துவாங்க, அதிர்ஷ்டம் வாய்க்கட்டும்னு சொல்றதுக்கு வேற வார்த்தை இருக்கு, இது மனசைத் திடமா வெச்சுக்கோன்னு சொல்றது. என் மாணவி ஒருத்தங்க 2023-ல அப்படி ஒரு வாசல்ல நின்னு ஒரு பாட்டிகிட்ட கால் மணி நேரம் பேசினாங்களாம், நேரம் போனாலும் பரவாயில்லன்னு. அந்தப் பாட்டி கேட்டது ரொம்ப சாதாரணக் கேள்விதான், எந்த ஊரும்மா, வீட்ல யார் யார், கால் வலிக்குதா. பதில் சொல்ல ஏ2 போதும், ஆனா வாய் பழகியிருக்கணும்.

இந்த ஞாயித்துக்கிழமை ரைடு முடிஞ்சதும் ஒரு சே எர் எழுதுங்க, எட்டு வரி போதும், கிளம்பின நேரம், காத்து, ரோடு, நடுவுல நடந்த ஒரு விஷயம், வீடு வந்தது. மொழிபெயர்ப்பு மென்பொருள்ல போட்டு எடுக்காதீங்க, தப்பும் தவறுமா உங்க கையால எழுதினதே இங்க கீழ போடுங்க, நான் திருத்தித் தர்றேன். பஞ்சராச்சுன்னா அவ்வாரா எத்ரான்னு மட்டும் ஒரு தடவை பார்த்துக்கோங்க.